விசாரணை அறையில் கேமரா: அரசுப் பணம் எதை வாங்கித் தருகிறது, எதை வாங்கித் தருவதில்லை

காவல் நிலையத்தில் ஒருவர் இறந்துபோனார் என்று செய்தி வந்தால், அடுத்த கேள்வி ‘அங்கே கேமரா இருந்ததா?’ என்பதுதான். இருந்தது, ஆனால் வேலை செய்யவில்லை என்பார்கள். அல்லது பதிவு அழிந்துவிட்டது என்பார்கள். சில வாரங்கள் போனதும், காவல் நிலையக் கேமராக்களை மேம்படுத்த இத்தனை கோடி என்று ஓர் அறிவிப்பு வரும். பணம் ஒதுக்கியாகிவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நாமும் அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

இந்தப் பேச்சில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன. ஒன்று, சிசிடிவியையும் விசாரணைப் பதிவையும் ஒரே பொருளாக நினைப்பது. மற்றொன்று, கருவி வாங்கப் பணம் வந்தாலே பதிவு கிடைத்துவிடும் என்று நினைப்பது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இரண்டையும் பொறுமையாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

சிசிடிவி வேறு, விசாரணைப் பதிவு வேறு

நிலையத்தின் வாசல், வராந்தா, லாக்கப் முன்பகுதி ஆகிய இடங்களில் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருப்பது சிசிடிவி. யார் உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், நடந்து வந்தாரா, தூக்கி வரப்பட்டாரா என்பதை அது காட்டும். பேச்சு அதில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதில்லை. சேமிப்பு இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும்.

விசாரணைப் பதிவு என்பது ஒரு குறிப்பிட்ட ஆளிடம், ஒரு குறிப்பிட்ட வழக்குக்காக நடக்கும் கேள்வி-பதிலை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை ஒலியோடும் படத்தோடும் பிடித்து வைப்பது. யார் கேட்டார், எப்படிக் கேட்டார், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும். அது அந்த வழக்கின் கோப்போடு சேர்ந்து, வழக்கு முடியும்வரை பத்திரமாக இருக்க வேண்டும்.

முதலாவது ஆளின் உடலுக்குக் காவல். இரண்டாவது அவர் சொன்ன சொல்லுக்கும் காவல். இரண்டும் தேவை. ஆனால் கருவி, செலவு, சேமிப்பு முறை எல்லாமே இரண்டுக்கும் வேறு வேறு. ‘எல்லா நிலையத்திலும் கேமரா வைத்துவிட்டோம்’ என்று அரசு சொன்னால் அது பெரும்பாலும் முதலாவதைப் பற்றியது.

சொல்லுக்கு ஏன் காவல்?

நம் சட்டத்தில் காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், அதாவது ‘குற்றத்தை நான்தான் செய்தேன்’ என்று ஒருவர் ஏற்றுக்கொள்ளும் கூற்று, அவருக்கு எதிரான சாட்சியமாக ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் இருந்த அந்தப் பாதுகாப்பு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவிலும் தொடர்கிறது. அப்படியென்றால் காவல் நிலையப் பேச்சைப் பதிவு செய்து என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

அந்தப் பாதுகாப்பில் ஒரு விதிவிலக்கு உண்டு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாகும். ‘அவன் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் கத்தி கைப்பற்றப்பட்டது’ என்ற வாக்கியத்தை எத்தனை செய்திகளில் படித்திருப்போம். அந்த வாக்குமூலத்தைத் தாளில் எழுதுவது காவல் அதிகாரிதான். உண்மையிலேயே அவர் சொன்னதா, எழுதியவரின் சொல்லா என்று பின்னால் சரிபார்க்க வேறு வழி கிடையாது.

சில சிறப்புச் சட்டங்கள் அந்தப் பாதுகாப்பையே விலக்கி வைத்தன. பயங்கரவாதத்தைத் தடுக்க வந்த, இப்போது நடைமுறையில் இல்லாத தடா சட்டத்தின் 15ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும் என்றது. அதை எழுத்திலும் பதிவு செய்யலாம், கேசட், டேப் போன்ற கருவியிலும் பதிவு செய்யலாம் என்று அதே பிரிவு இடம் கொடுத்தது. எது என்பது அதிகாரியின் விருப்பம்.

அந்த விருப்பம் என்ன செய்யும் என்பதற்குப் பேரறிவாளன் வழக்கைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானபோது அவருக்கு 19 வயது. 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தை எழுத்தில் பதிவு செய்தவர் அப்போது சிபிஐயில் கண்காணிப்பாளராக இருந்த தியாகராஜன். ஓய்வு பெற்ற பிறகு, 2013இல், அவரே வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொல்லியிருந்தார், அந்தப் பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று. பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் அதைக் கொடுத்தார். இடைப்பட்ட காலத்தில் அந்த இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, உறுதி செய்யப்பட்டது, 2014இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

விடுபட்டது ஒரே ஒரு வாக்கியம். அன்று அந்த அறையில் ஒரு கேசட் ஓடியிருந்தால் அந்த வாக்கியம் 22 வருடம் காத்திருந்திருக்காது. கருவிக்குப் பணம் ஒதுக்குவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சரி, இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சிசிடிவி இடத்தைப் பார்க்கிறது, விசாரணைப் பதிவு பேச்சைப் பிடிக்கிறது. வாக்குமூலத்தை எழுதும் கை ஒரு வாக்கியத்தை விட்டால்கூடத் தெரியவராது என்பதால் பேச்சின் பதிவு வேண்டும்.

ஊர் குடிநீர் இயந்திரமும் அரசு நிதியும்

இனிப் பணத்துக்கு வருவோம்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஊருக்கு ஓர் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கட்டடம், நீல நிறத் தொட்டி, திறப்பு விழா, கல்வெட்டு. ஆறு மாதம் நல்ல தண்ணீர் வரும். அப்புறம் ஃபில்டர் மாற்ற வேண்டும், மெம்பிரேன் மாற்ற வேண்டும், மின் கட்டணம் கட்ட வேண்டும், ஒரு ஆள் வந்து பார்க்க வேண்டும். அந்தச் செலவு கல்வெட்டில் உள்ள தொகையில் கிடையாது. ஊராட்சி தன் கையிலிருந்து கொடுத்தால் இயந்திரம் ஓடும். கொடுக்காவிட்டால் பூட்டுத் தொங்கும். கணக்குப்படி பார்த்தால் பணம் முழுவதும் செலவாகிவிட்டது, இயந்திரமும் இருக்கிறது, தவறே இல்லை. தண்ணீர் மட்டும் இல்லை.

அரசுக் கணக்கில் இதற்குப் பெயர் உண்டு. ஒரு தடவை வாங்கி வைக்கும் சொத்துக்கான செலவு மூலதனச் செலவு. அதை ஓட்டிக்கொண்டே இருக்க வருடா வருடம் ஆகும் செலவு தொடர்செலவு. ‘நவீனமயமாக்கல் நிதி’, ‘மேம்பாட்டு நிதி’ என்று வருபவை பெரும்பாலும் முதல் வகைக்கானவை. விசாரணைப் பதிவோ இரண்டாம் வகையில்தான் உயிர் வாழ்கிறது. கேமராவின் விலை ஒரு தடவை. சேமிப்பு, பராமரிப்பு ஒப்பந்தம், யூபிஎஸ் பேட்டரி, பழுதான மைக், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் என்றைக்கும் உள்ள செலவு.

பணம் எந்த வழியில் வருகிறது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே நிலையத்தை நடத்தும் பொறுப்பும் செலவின் பெரும்பகுதியும் மாநிலத்துடையது. தமிழ்நாட்டில் இந்தப் பணம் ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் காவல் துறைக்கான மானியக் கோரிக்கையாக வருகிறது. ஒரு துறைக்கு இவ்வளவு செலவழிக்க அனுமதி தாருங்கள் என்று அரசு சட்டமன்றத்தைக் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. அதோடு வெளியிடப்படும் கொள்கை விளக்கக் குறிப்பில் எதற்கு என்ன திட்டம் என்று எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். படிப்பவர்கள்தான் குறைவு.

மாநிலத்தின் சொந்தப் பணத்துக்கு மேல், ஒன்றிய அரசின் உதவியும் உண்டு. மாநிலக் காவல் துறைகளை நவீனப்படுத்தும் ஒன்றியத் திட்டம் 1969-70இலிருந்து ஏதோ ஒரு வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்குக் காவல் நவீனமயமாக்கல் பெருந்திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 26,275 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்தது. கேட்கப் பெரிய தொகை. ஆனால் அதில் பெரும் பங்கு ஜம்மு காஷ்மீர், வடகிழக்கு, மாவோயிஸ்ட் பாதிப்புப் பகுதிகளின் பாதுகாப்புச் செலவுக்குரியது. மாநிலக் காவல் துறைகளின் நவீனமயமாக்கலுக்கு என்று வந்தது 4,846 கோடி. ஐந்தாண்டுக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதற்குள்தான் ஆயுதம், தகவல் தொடர்பு, கணினி, பயிற்சிக் கருவி எல்லாமே இடம் பிடிக்க வேண்டும். விசாரணை அறை மைக்குக்கு அந்த வரிசையில் என்ன இடம் கிடைக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இந்த உதவி முழுத் தொகையாக வராது. பொதுவான மாநிலங்களுக்கு ஒன்றியம் 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90-க்கு 10. தன் பங்கைப் போட்டால்தான் மாநிலம் ஒன்றியப் பங்கைப் பயன்படுத்த முடியும்.

நடைமுறை இப்படிப் போகும். மாநிலக் காவல் தலைமையகம் என்னென்ன வேண்டும் என்று செயல் திட்டம் தயாரித்து உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பும். அங்கே ஒப்புதல் கிடைக்க வேண்டும். பணம் விடுவிக்கப்பட வேண்டும். பிறகு டெண்டர். தமிழ்நாட்டில் அது 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. கருவி வந்து, பொருத்தி, பில் பாஸ் ஆன பிறகு மாநிலம் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் கொடுத்த வேலைக்கே செலவானது என்று உறுதிசெய்யும் தாள் அது. முந்தைய தவணைக்கு அது போகாவிட்டால் அடுத்த தவணை நிற்கும். இடையே மார்ச் 31 வந்துவிடும், நிதியாண்டு முடிந்துவிடும்.

அதனால்தான் ஒதுக்கீடு, விடுவிப்பு, செலவு என்ற மூன்று சொற்களையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். ஒதுக்கீடு என்பது ‘தரலாம்’ என்ற முடிவு. விடுவிப்பு என்பது பணம் மாநிலத்தின் கணக்குக்கு வந்தது. செலவு என்பது பொருள் வந்து சேர்ந்தது. தலைப்புச் செய்தியில் வரும் கோடி அநேகமாக எப்போதும் முதலாவதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பது கருவி வாங்கினீர்களா என்றுதான். போன செவ்வாய்க்கிழமை விசாரணை பதிவானதா என்று எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை.

நீதிமன்றம் எதைக் கேட்டது?

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவை இந்த விஷயத்தின் அடித்தளம் என்று சொல்லலாம். பொத்தாம் பொதுவாகக் கேமரா வையுங்கள் என்று சொல்லிவிட்டு அது நிற்கவில்லை. நுழைவாயில்கள், லாக்கப், வராந்தா, வரவேற்பு, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம், கழிப்பறைக்கு வெளியே என்று இடம் இடமாகப் பட்டியல் போட்டது. இரவிலும் படம் தெரிய வேண்டும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும் என்றது. சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத் துறை போன்று, விசாரணை நடத்திக் கைது செய்யும் அதிகாரம் உள்ள ஒன்றிய அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் அதே விதி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சேமிப்புக் காலம். 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அத்தகைய கருவி சந்தையில் கிடைக்காவிட்டால், கிடைப்பதிலேயே அதிக காலம் வைக்கக்கூடியதை வாங்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது.

பொறுப்பையும் நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. கருவி ஓடுகிறதா, பதிவாகிறதா என்று பார்ப்பது நிலையப் பொறுப்பு அதிகாரியின் வேலை. மாவட்ட அளவில் ஒரு கண்காணிப்புக் குழு, மாநில அளவில் ஒரு கண்காணிப்புக் குழு. நிதி ஒதுக்கீடு பெறுவதும் மாநிலக் குழுவின் கடமைகளில் ஒன்று. நல்ல உத்தரவு, ஆனால் அதற்கான பணத்தை மாநிலங்கள்தான் தேட வேண்டும். 2025 செப்டம்பரில், காவல் மரணங்கள் பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, கேமராக்கள் ஏன் இன்னும் இயங்கவில்லை என்று உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுக்கும்படி ஆனது.

18 மாதம் என்பது எவ்வளவு இடம்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பணம் எங்கே கரைகிறது என்பது இதில்தான் தெரியும்.

சுமாரான தரத்தில் ஓடும் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதுகிறது என்று கொள்வோம். ஒரு நாளைக்கு அது 21.6 ஜிபி. ஒரு நிலையத்தில் 14 கேமரா இருந்தால் நாளைக்கு 302 ஜிபி. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 110 டிபி (1 டிபி என்பது 1,000 ஜிபி). 18 மாதத்துக்கு 165 டிபிக்கு மேல். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவாகும்படி வைத்தால் இது குறையும். ஆனால் காவல் நிலையத்தில் நடமாட்டம் இல்லாத நேரம் எவ்வளவு இருக்கப் போகிறது?

வீட்டுக்கும் கடைக்கும் விற்கும் சிசிடிவி செட்டில் 1 டிபி டிஸ்க் இருப்பது சாதாரணம். மேலே சொன்ன 14 கேமராவுக்கு அந்த 1 டிபி மூன்று நாள் சொச்சம் தாங்கும். நான்காம் நாள் முதல் நாளின் பதிவு போய்விடும். யாரும் வேண்டுமென்று அழிக்க வேண்டியதே இல்லை.

வேண்டுமென்றே அமைத்தாலோ இன்னும் மோசம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அந்த நிலையத்துக்குப் போன நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் எழுதியதை மறக்க முடியாது. அங்கே 1 டிபி சேமிப்பு இருந்தது. ஆனால் பதிவுகள் தினமும் தானாகவே அழியும்படி அமைத்து வைக்கப்பட்டிருந்தது. கேமரா இருந்தது. டிஸ்க் இருந்தது. அரசுப் பணம் வாங்கித் தர வேண்டியதை வாங்கித் தந்திருந்தது. அந்த இரவு மட்டும் அதில் இல்லை.

இதைச் சரி செய்ய இன்னொரு கேமராவுக்கான பணம் உதவாது. அழிக்கும் அமைப்பை நிலையத்தில் இருப்பவர்களால் மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். பதிவின் ஒரு பிரதி நிலையத்துக்கு வெளியே, மாவட்ட அல்லது மாநில மையத்துக்கு உடனுக்குடன் போக வேண்டும். கேமரா நின்றால் அந்த மையத்தில் எச்சரிக்கை தெரிய வேண்டும். இவற்றுக்கு இணைய இணைப்பு வேண்டும், சர்வர் வேண்டும், 24 மணி நேரமும் ஆள் வேண்டும். மூன்றும் தொடர்செலவு.

சுருக்கிச் சொன்னால், கருவியின் விலையைவிடப் பதிவை வைத்திருக்கும் விலை பெரிது. டெண்டரில் கேமரா எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் சேமிப்பு எத்தனை நாள், பராமரிப்பு எத்தனை வருடம் என்ற வரிகளைத் தேடிப் பாருங்கள்.

ஒரு நல்ல விசாரணை அறையில் என்ன இருக்கும்?

முதலில் ஒலி. நம் நிலையங்களின் அறைகள் பதிவுக்குக் கட்டப்பட்டவை அல்ல. டைல்ஸ் தரை, வெறும் சுவர், தலைக்கு மேல் சீலிங் ஃபேன், வெளியே வயர்லெஸ் சத்தம். அங்கே கூரை மூலையில் உள்ள சிசிடிவி மைக்கில் கேட்பது இரைச்சல்தான். மேசை மேல் ஒரு தனி மைக், எதிரொலியைக் குறைக்கச் சுவரில் மெத்துப் பலகை, ஃபேனுக்குப் பதில் சத்தமில்லாத குளிர்சாதனம் இவ்வளவு இருந்தாலே பேச்சு தெளிவாகும். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. ஆனால் ‘கேமரா வாங்குதல்’ என்ற தலைப்பில் வரும் நிதியில் சுவருக்கு மெத்துப் பலகை வாங்க முடியாமல் போகலாம். நிதியின் தலைப்பு அவ்வளவு முக்கியம்.

அடுத்தது கேமராவின் கோணம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லாசிட்டர் தன் குழுவோடு பல வருடம் இதை ஆராய்ந்தார். விசாரிக்கப்படுபவரின் முகத்தை மட்டும் காட்டும் பதிவைப் பார்ப்பவர்கள், அவர் தானாக விரும்பித்தான் ஒப்புக்கொண்டார் என்று நம்பும் சாய்வு அதிகம். கேட்பவரும் பதில் சொல்பவரும் சமமாகத் தெரியும் படத்தில் அந்தச் சாய்வு குறைகிறது. நியூசிலாந்துக் காவல் துறை இரண்டு பேரும் தெரியும்படி பதிவு செய்வதை விதியாகவே வைத்தது. கேமராவை இரண்டடி நகர்த்தி மாட்டக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது.

மூன்றாவது, ஆரம்பமும் முடிவும். ஐந்து மணி நேரம் மிரட்டிவிட்டு, ஆறாவது மணியில் கேமராவைப் போட்டு ஒப்புதலை மட்டும் எடுத்தால் அந்தப் பதிவு, பதிவே இல்லாததைவிட ஆபத்தானது. 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கில் கைதான சிறுவர்களுக்கு நடந்தது அதுதான். நான்கு பேரின் ஒப்புதல்கள் வீடியோவில் இருந்தன, அதற்கு முந்தைய நீண்ட விசாரணை இல்லை. உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுவும் பொருந்தி, 2002இல் அந்தத் தண்டனைகள் ரத்தாகின. அரைகுறைப் பதிவு ஐந்து பேரின் இளமையைத் தின்றுவிட்டது.

நான்காவது, மாற்ற முடியாத பிரதி. பிரிட்டனில் 1984ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் கீழ் விசாரணைகளைக் கேசட்டில் பதிவு செய்யத் தொடங்கியபோது, எளிமையான ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கேசட் ஓடும். முடிந்ததும் ஒன்றை விசாரிக்கப்பட்டவரின் கண் முன்னாலேயே முத்திரையிட்டு மூடுவார்கள். மற்றொன்று வேலைக்கு. சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே வேலையை இன்று ஹாஷ் மதிப்பு செய்கிறது. ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் நீண்ட எழுத்து-எண் வரிசைதான் ஹாஷ். கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த வரிசை முழுவதும் மாறிவிடும். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின் கீழ் மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளியில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குகிறது. 180ஆம் பிரிவில் சாட்சிகளின் வாக்குமூலத்தை அப்படிப் பதிவு செய்‘யலாம்’ என்று மட்டும் இருக்கிறது. சந்தேகத்துக்கு உள்ளானவரிடம் நடக்கும் விசாரணை முழுவதையும் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற தெளிவான பொதுக் கட்டாயம் இன்னும் எழுதப்படவில்லை. கட்டாயம் இல்லாத வேலைக்கு நிதித் துறை எளிதில் தொடர்செலவு ஒதுக்காது. கட்டாயமும் பணமும் சேர்ந்தே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2003இல் கொலை வழக்குகளில் காவலில் நடக்கும் விசாரணையைப் பதிவு செய்வதைச் சட்டமாக்கியது. அப்போது மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா அதை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். உள்ளூர்க் காவல் துறைகள் பதிவுக் கருவி வாங்க மாநில நிதியுதவிக்கும், அதிகாரிகளுக்குப் பயிற்சிக்கும் அதே சட்டத்தில் வழி செய்தார்கள். தயாராக அவகாசம் கொடுத்து, 2005இல் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது. பதிவு இல்லாத வாக்குமூலத்தைச் சட்டம் சந்தேகத்தோடு பார்க்கும். அது நம்பத்தக்கது என்று நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் தலையில். எந்தச் சுற்றறிக்கையையும்விட இந்த ஒரு விதி காவலர்களை ரெக்கார்ட் பட்டனை அழுத்த வைக்கும்.

மாநில, உள்ளூர்க் காவல் துறைகளுக்கு உதவும் அமெரிக்க ஒன்றிய அரசின் பைர்ன் நிதியுதவித் திட்டத்திலும் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு நிபந்தனை உண்டு. ஏற்கெனவே சொந்தப் பணத்தில் செய்துவந்த செலவை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் நிதியுதவிப் பணத்தைப் போடக் கூடாது. வெளியிலிருந்து வருவது கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஒரு கையில் பணம் வரும், மற்றொரு கையில் பராமரிப்புக்கான தொகை வெட்டப்படும்.

உங்கள் கையில் இருப்பது

2020 உத்தரவின்படி ஒவ்வொரு நிலைய வாசலிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ளூர் மொழியிலும் ஒரு பெரிய பலகை இருக்க வேண்டும். இந்த இடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது, மனித உரிமை மீறல் நடந்தால் மனித உரிமை ஆணையத்திடமோ, மனித உரிமை நீதிமன்றத்திடமோ, காவல் கண்காணிப்பாளரிடமோ புகார் செய்யலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை உங்கள் நிலையத்தைக் கடக்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கு எழுதலாம்.

உங்கள் வீட்டு ஆளையோ தெரிந்தவரையோ விசாரணைக்கு அழைத்துப் போய் ஏதாவது நடந்தது என்றால், பதிவைக் கேட்பதில் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். மேலே பார்த்த 1 டிபி கணக்குதான் காரணம். எந்த நிலையம், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று தெளிவாக எழுதி, அந்தப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி காவல் கண்காணிப்பாளருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் மனு கொடுங்கள். மாநகரக் காவல் எல்லை என்றால் கண்காணிப்பாளருக்குப் பதில் காவல் ஆணையருக்கு. நேரில் கொடுத்தால் மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நீதித்துறை நடுவர் முன் ஆஜர்படுத்தும்போது வழக்கறிஞர் மூலம் அதே கோரிக்கையை வாய்மொழியாகச் சொல்லாமல் மனுவாகவே தாக்கல் செய்யுங்கள். ‘பழுது’ என்று பதில் வந்தால், எந்தத் தேதியிலிருந்து பழுது, பழுது பற்றி மாவட்டக் குழுவுக்கு எப்போது தெரிவித்தீர்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். உடனே தெரிவிக்க வேண்டும் என்பது நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு உச்ச நீதிமன்றம் விதித்த கடமை.